வயதை மறைக்கும் கவர் லெட்டர்

நாற்பதைத் தாண்டி வேலை மாறுகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் யோசனை இது: கவர் லெட்டரில் வயது தெரியக் கூடாது. பட்டம் பெற்ற ஆண்டைப் போடாதீர்கள், கடைசிப் பத்துப் பதினைந்து வருட வேலையோடு நிறுத்துங்கள் என்பார்கள். இது அமெரிக்காவுக்குப் பொருந்தும் யோசனை. அங்கே 40 வயதைக் கடந்தவர்களை வயதுக்காக ஒதுக்கக் கூடாது என்று 1967இலேயே சட்டம் வந்துவிட்டது. வழக்குக்கு அஞ்சி, பிறந்த தேதியைக் கேட்கவே நிறுவனங்கள் தயங்கும். கேட்காததைச் சொல்லாமல் விடுவது அங்கே புத்திசாலித்தனம்தான்.

சென்னையில் அப்படியில்லை. தனியார் நிறுவனம் வயது பார்த்து ஆள் எடுப்பதைத் தடுக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் கிடையாது. ‘35 வயதுக்குள்’ என்று விளம்பரத்திலேயே போடலாம், படிவத்தில் பிறந்த தேதியையும் கேட்கலாம். ‘அனுபவம் 5 முதல் 8 ஆண்டு’ என்பதும் வயது வரம்புதான், சற்று நாகரிகமான வரம்பு. நௌக்ரி போன்ற வேலைவாய்ப்புத் தளங்களில் அந்த எண்ணை வைத்தே சலித்துவிட முடியும். அதில் தங்காதவரின் கடிதம் எத்தனை அழகாக இருந்தாலும் திறக்கப்படப் போவதில்லை.

போதாததற்கு, ஆண்டை மறைத்தாலும் நடை காட்டிக்கொடுத்துவிடும். ‘தங்கள் விளம்பரம் கண்டு விண்ணப்பிக்கிறேன், வாய்ப்பளித்தால் மேலதிகாரிகள் முழுத் திருப்தி அடையும்படி உழைப்பேன்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்த தலைமுறை எது என்பது மனிதவளத் துறையில் இருக்கும் இளைஞருக்கும் தெரியும்.

அதற்காகக் கவர் லெட்டரே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். தளத்தின் வழியாகப் போகாமல், தெரிந்தவர் மூலமாகவோ நேரடி மின்னஞ்சலாகவோ முதலாளியின் கண்ணில் படுகிற இடத்தில் அதற்கு மதிப்பு அதிகம். ஐம்பதை நெருங்குகிறவரின் பயோடேட்டாவைப் பார்த்ததும் முதலாளிக்குச் சில சந்தேகங்கள் எழும். நாம் கொடுக்கிற சம்பளத்துக்கு இவர் வருவாரா? முப்பது வயது மேனேஜர் சொன்னால் கேட்பாரா? வேறு இடம் கிடைத்ததும் கிளம்பிவிடுவாரா? வாய்விட்டுக் கேட்க மாட்டார், பயோடேட்டாவும் பதில் சொல்லாது. கடிதம் சொல்லலாம்.

2022இல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி நின்றது. அப்படியொரு ஆலையில் தரப் பரிசோதனையில் இருந்தவர், அம்பத்தூரில் உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனத்துக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘சவால்களை விரும்புபவன், துடிப்பானவன்’ என்று எழுதினால், இளமையை நிரூபிக்கப் படாதபாடு படுகிறார் என்றுதான் தோன்றும். ‘கார் கம்பெனி எந்தக் குறைக்காகச் சரக்கைத் திருப்பி அனுப்பும் என்று எனக்குத் தெரியும். அப்படித் திருப்பி அனுப்பியவர்களில் நானும் ஒருவன்’ என்று எழுதினால் முதலாளி நிமிர்ந்து உட்காருவார். இருபது வருட அனுபவத்தை எண்ணிக்கையாகச் சொன்னால் சுமை, இப்படிச் சொன்னால் சரக்கு. ‘கடைசியாக என்னைவிட இளையவரின் கீழ்தான் வேலை பார்த்தேன்’ என்பது உண்மையானால் அதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

சம்பளத்தில்தான் சிக்கல். ‘பழைய சம்பளத்தை எதிர்பார்க்கவில்லை’ என்று எழுதினால் ஒரு சந்தேகம் தீரும், கூடவே பேரம் பேசும் இடமும் போய்விடும். தெரிந்தே கீழிறங்குகிறவர் மட்டும் அதை எழுதட்டும். மற்றவர்கள் நேர்காணலுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கடிதத்தால் ஆகாதது ஒன்று உண்டு: வயதைப் பார்த்து ஒதுக்குவதை அது அடியோடு நிறுத்திவிடாது. நியூமார்க், பர்ன், பட்டன் ஆகிய மூவர் 2019இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வுக்காக 40,000க்கும் அதிகமான கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். வயதான பெண்களுக்கு, அதிலும் ஓய்வு வயதை நெருங்கியவர்களுக்கு, அழைப்பு குறைந்தது தெளிவாகத் தெரிந்தது. ஆண்கள் விஷயத்தில் சான்று அத்தனை உறுதியாக இல்லை. சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆன நாட்டிலேயே இந்த நிலை. இங்கே பிள்ளைகளை வளர்த்துவிட்டு வேலைக்குத் திரும்பும் பெண் தன் கடிதத்தில் பாதியை இடைவெளிக்குச் சமாதானம் சொல்லியே தீர்த்துவிடுகிறார். அதற்கு ஒரு வாக்கியம் போதும். மிச்ச இடத்தை அவர் பார்த்த வேலைக்குக் கொடுக்கலாம்.