ஒப்புதலும் இல்லற அன்பும்: ‘மாதொருபாகன்’ வழி இனப்பெருக்கத் தொழில்நுட்ப அறம் குறித்த ஒரு வாசிப்பு

முன்னுரை

குழந்தைப்பேற்றில் மூன்றாம் நபரின் பங்கு குறித்த அற விவாதங்கள் பெரும்பாலும் ‘வித்து யாருடையது?’ என்னும் வினாவைச் சுற்றியே அமைகின்றன. இந்தியாவில் 2021ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. கொடையாளர் பெற்றோர் உரிமையைத் துறக்கிறார். பிறக்கும் குழந்தை சிகிச்சையை நாடிய தம்பதியின் குழந்தையாகவே கொள்ளப்படுகிறது. இவ்வேற்பாட்டிற்கு அடிப்படை எழுத்துவழி ஒப்புதலாகும். அவ்வொப்புதல் குடும்பத்தினுள் எவ்வாறு உருவாகிறது என்பது சட்டத்தின் பார்வைக்கு அப்பாற்பட்டது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவல் அதனையே காட்சிப்படுத்துகிறது.

புனைவின் ஏற்பாடு

ஆங்கிலேயர் ஆட்சிக்காலக் கொங்கு நாட்டில் நிகழும் இக்கதையில் தொழில்நுட்பம் ஏதுமில்லை. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் 14ஆம் நாள் இரவில், குழந்தையற்ற பெண் முன்பின் அறியாத ஆடவனுடன் கூடிக் கருவுறலாம் என்னும் வழக்கம் நாவலின் மையமாகிறது. அவ்வாடவன் தெய்வமாகவே கருதப்படுகிறான். பிறப்பது சாமி தந்த பிள்ளை. பெயரறியாக் கொடையாளர், உரிமை கோராமை, சமூக ஏற்பு என இன்றைய ஏற்பாட்டின் கூறுகள் பலவும் இதில் உள்ளன. இவ்வழக்கத்தின் வரலாற்று உண்மை குறித்து எழுந்த சர்ச்சை 2016இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. இங்குக் கருதப்படுவது புனைவின் தர்க்கம் மட்டுமே.

ஒப்புதல் உருவாகும் விதம்

காளியும் பொன்னாவும் பன்னிரண்டு ஆண்டுகள் குழந்தையின்றியும் அன்பு குன்றாமல் வாழ்கின்றனர். ஊராரின் ஏச்சும் மங்கலச் சடங்குகளிலிருந்து விலக்கப்படுதலும் அவர்களை வருத்துகின்றன. எனினும் காளி மறுமணத்தை மறுக்கிறான். திருவிழாவுக்குச் செல்வது பற்றிய பேச்சு எழும்போது, கணவன் விரும்பினால் செல்வதாகப் பொன்னா கூறுகிறாள். அவள் மறுப்பாள் என எதிர்பார்த்த காளிக்கு அவ்விடை காயமாகிறது. மறு ஆண்டில் அண்ணன் முத்து, காளி இசைந்துவிட்டதாகத் தங்கையை நம்பவைத்து, காளியை அன்றிரவு வேறிடம் அழைத்துச் செல்கிறான். பொன்னாவின் ஒப்புதல் காளியின் ஒப்புதலைச் சார்ந்தது. அதுவோ இல்லாத ஒன்று. இருவர் வீட்டாரும் அன்பின் பெயராலேயே இப்பொய்க்குத் துணைநிற்கின்றனர். தீங்கிழைக்கும் நோக்கமுடைய பாத்திரம் என இதில் எவரையும் சுட்ட இயலாது.

எதிர்வாதம்

காளியின் துயரம் கற்பு குறித்த ஆண்மனத்தின் உடைமையுணர்வே எனலாம். அதில் உண்மை உண்டு. நாவலும் அதனை மறைக்கவில்லை. மேலும், ஆய்வகக் கருத்தரிப்பில் உடற்கூடல் இல்லாமையால் இவ்வொப்புமைக்கு எல்லையும் உண்டு. ஆயினும் உடைமையுணர்வு மட்டும் முறிவை விளக்கிவிடாது. இருவரும் கலந்து பேசி எடுத்திருக்க வேண்டிய முடிவு, இருவருக்கும் தெரியாமல் சுற்றத்தால் எடுக்கப்படுகிறது. தொடர்ச்சியாக வந்த ‘ஆலவாயன்’ நாவலில் பொன்னா கருவுறுகிறாள். காளி உயிருடன் இல்லை. விரும்பிய குழந்தை வருகிறது. அது எந்த இல்லறத்திற்காக விரும்பப்பட்டதோ அந்த இல்லறம் எஞ்சவில்லை.

சட்டமும் சுற்றமும்

இதே 2021இன் வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம் வணிக நோக்கிலான வாடகைத்தாய் முறையைத் தடைசெய்கிறது. மருத்துவச் செலவும் காப்பீடும் தவிர வேறு பயன் பெறாமல் சுமப்பதற்கே இடமளிக்கிறது. பணத்தின் நெருக்கடியை இது குறைக்கிறது என்பது ஏற்கத்தக்கதே. ஆனால் ஊதியமின்றிச் சுமக்க முன்வருபவர் பெரும்பாலும் உறவினராகவோ நெருங்கியவராகவோ இருக்கவே வாய்ப்பு மிகுதி. அண்ணி, தங்கை என்னும் உறவுக்குள் ‘மாட்டேன்’ எனச் சொல்வதன் விலை என்ன என்பதை ஒப்புதல் படிவம் கேட்பதில்லை. ‘மாதொருபாகன்’ நெருக்கடியின் இருப்பிடமாகக் காட்டுவது சந்தையை அன்று, சுற்றத்தையே.

நாவலில் திருமணமின்றி வாழும் நல்லுப்பையன் சித்தப்பா, குழந்தையில்லா வாழ்வும் குறையற்றதே என்னும் நிலைப்பாட்டின் உருவமாக நிற்கிறார். மறுக்கும் உரிமை மெய்யாக இருக்கும் வீட்டில்தான் ஒப்புதலும் மெய்யாக இருக்கும் என்பதை அவரது இருப்பு உணர்த்துகிறது.

முடிவுரை

வித்து பிறருடையதாயினும் இல்லற அன்பு நிலைக்கக்கூடும்; தத்தெடுத்த குடும்பங்கள் அதற்குச் சான்று. முடிவு பிறருடையதாகும்போது அது நிலைப்பது அரிது. எனவே இனப்பெருக்கத் தொழில்நுட்ப அறம் பற்றிய தமிழாய்வுகள் ‘யாருடைய வித்து?’ என்பதோடு ‘யாருடைய முடிவு?’ என்பதையும் வினவுதல் வேண்டும்.