பக்கத்துப் பிள்ளையின் கால் பங்கு

நல்ல வகுப்பறைப் பேச்சுக்கென்று ஒரு சத்தம் உண்டு. சந்தை இரைச்சல் இல்லை, கூட்டமாக ஒப்பிக்கும் ராகமும் இல்லை. இருவர் இருவராகத் தலை சாய்த்து முணுமுணுக்கும் சத்தம். கச்சேரிக்குப் போகிறவர் சுருதியைக் கவனிப்பதுபோல நான் அதைக் கவனிப்பேன்.

ஓர் ஆறாம் வகுப்பில் அதைக் கேட்டேன். "மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா?" கேட்டுவிட்டு டீச்சர் வாயை மூடிக்கொண்டார். முதலில் அவரவர் விடையை நோட்டில் எழுத வேண்டும். பேச்சு அதற்குப் பிறகுதான். அந்த மௌனத்தில்தான் வித்தையே இருக்கிறது. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அளந்து சொன்னார். மூன்று விநாடி பொறுத்தாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறதாம்.

கடைசி பெஞ்சுப் பையன் சொன்னான்: "மூணவிட நாலுதான பெருசு? அப்ப நாலுல ஒண்ணு."

பக்கத்துப் பிள்ளை "தப்பு" என்று சொல்லவில்லை. "ஒரு தோசைய நாலு பேருக்குப் பிச்சா உனக்கு எவ்ளோ வரும்? மூணு பேருன்னா?"

பையன் உள்ளங்கையில் விரலால் வட்டம் போட்டான். கோடு கிழித்தான். மறுபடி கிழித்தான்.

கேள்வியைத் தேர்வதும் ஒரு கைவேலை. ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் மாணவர்களை இப்படிப் பேசவிட்ட எரிக் மசூர், சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லும் கேள்வியே விவாதத்துக்கு ஏற்றது என்றார். எல்லோருக்கும் தெரிந்த கேள்வி என்றால் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும். பெரிய குழுக்களில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். ஜோடியில் ஒளிய இடமில்லை.

இதையெல்லாம் புதுமை என்றால் பவணந்தி முனிவர் சிரிப்பார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் கால் பங்குதான் சேரும், உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைத்தால்தான் மீதி அரை என்று நன்னூலில் கணக்குப் போட்டுவிட்டார். அந்தக் கணக்கின்படி அன்றைக்கு அதிகம் சம்பாதித்தது தோசைக்காரப் பிள்ளைதான்.

டீச்சர் அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றார், கேட்டார், ஒன்றும் திருத்தாமல் நகர்ந்தார். பையன் பழைய விடையை அடித்துவிட்டு, "அப்ப நூறுல ஒண்ணு?" என்றான்.

"பசி அடங்காது."