கொழுப்பும் கோப்பையும்

ஏற்காட்டில் கோடை விழா நடக்கும்போது மலர்க் காட்சியோடு நாய்க் கண்காட்சி ஒன்றும் நடப்பது வழக்கம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, காரின் பின் ஸீட்டில் உட்கார்ந்தபடி சமவெளி நாய்கள் மலையேறுகின்றன. மேலே காற்று குளுகுளுவென்று இருக்கிறது. லாப்ரடாரும் ராட்வைலரும் அல்ஸேஷனும் வரிசையாக நிற்க, ஜனங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில், ஜயித்த நாயின் படம் வருகிறது. அந்தச் செய்தியில் நான் தேடிக் கிடைக்காத விவரம் ஒன்று உண்டு. ஜயித்த நாய் அதன் ஜாதிக்குத் தகுந்த எடையில் இருந்ததா?

கதை எழுதுகிறவனுக்கு நாயின் எடையைப் பற்றி என்ன கவலை என்று வாசகர்கள் கேட்கலாம். நாய்க் கண்காட்சியும் ஒரு விமர்சன காரியந்தான். நடுவில் நிற்கிறவர் விமர்சகர். ஒவ்வொரு ஜாதி நாய்க்கும் எழுதி வைத்த லக்ஷணம் ஒன்று இருக்கிறது. அதுதான் அவருக்கு நூல். அந்த நூலை எதிரே நிற்கும் ஜீவனோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. நூல் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா, அவர் அதை ஒழுங்காகப் படிக்கிறாரா என்று பார்க்க எழுத்தாளனுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

மாட்டுக்குச் சுழி பார்க்கிற சீமை நம்முடையது. லக்ஷணம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. அல்ஸேஷன் என்று நாம் சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு, ஆணானால் 30 முதல் 40 கிலோ, பெண்ணானால் 22 முதல் 32 கிலோ என்று சர்வதேச நாய்ச் சங்கங்களின் சம்மேளனம் அங்கீகரித்த லக்ஷணம் கூறுகிறது. ராட்வைலர் ஆணுக்குச் சுமார் 50 கிலோ. ஆனால் நம் தெருக்களில் இன்று அதிகம் காணப்படும் லாப்ரடார் விஷயத்தில் அதே சம்மேளனத்தின் நூல் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஆண் நாயின் உயரம் 56 முதல் 57 சென்டிமீட்டர் என்று தச்சன் கணக்காகச் சொல்லிவிட்டு, எடையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அமெரிக்கர்கள் தங்கள் நூலில் ஆணுக்கு 65 முதல் 80 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 29 முதல் 36 கிலோ என்று போட்டிருக்கிறார்கள்.

எடை சொல்லாத இடத்தில் என்ன இருக்கிறது? உறுதியான கட்டு, அகன்ற மார்பு, ஆழமான விலா என்ற ரீதியில் அடைமொழிகள் இருக்கின்றன. என் தொழிலில் அடைமொழிகளோடு நிறையப் பழகியிருக்கிறேன். அவை இளகிய மனசுக்காரர்கள். யார் வந்து கதவைத் தட்டினாலும் உள்ளே விட்டுவிடுவார்கள். அகன்ற மார்பு எலும்பால் அமையலாம், தசையால் அமையலாம், கொழுப்பாலும் அமையலாம். இவற்றில் எது என்று அடைமொழி சொல்லாது. நாலு கிலோ கூடுதலாக உள்ள நாய், சரியான எடையுள்ள நாயைவிட அந்த வாக்கியத்துக்கு அதிகப் பொருத்தமாகக்கூடத் தோன்றும்.

சரி, எல்லா ஜாதிக்கும் எண் போட்டுவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. சப்பை மூக்கும் சுருங்கிய முகமும் கொண்ட பக் நாய்க்கு 6.3 முதல் 8.1 கிலோ வரை என்று தசம பின்னத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணைச் சோதிக்க வட்டத்துக்குள் தராசு வைக்கும் வழக்கம் இல்லை. தராசில்லாத கடையில் விலைப்பட்டியல் மாட்டிய மாதிரிதான்.

இது என் ஊகம் மட்டும் அன்று. இங்கிலாந்தில் லிவர்பூல் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், க்ரஃப்ட்ஸ் என்ற பெரிய கண்காட்சியில் 2001 முதல் 2013 வரை முதல் ஐந்து இடங்களைப் பெற்ற நாய்களின் படங்களை எடுத்து, 28 ஜாதிகளில் உடல்வாகைப் பரிசீலித்தார்கள். 2015-ல் முடிவு வெளியாயிற்று. நூற்றுக்கு 26 நாய்கள் இருக்க வேண்டியதைவிடப் பருமனாக இருந்தன. பக் நாய்களில் நூற்றுக்கு 80, நீளக் காது பாஸெட் வேட்டை நாய்களில் 68, லாப்ரடார்களில் 63. எண் எழுதியிருந்த பக்கும் எண் எழுதாத லாப்ரடாரும் ஒரே குட்டையில் விழுந்திருக்கின்றன.

நியாயமாகப் பேசினால் இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நாலில் மூன்று பங்கு நாய்கள் சரியாகவே இருந்தன. டாபர்மன், ரிட்ஜ்பேக் முதலிய ஜாதிகள் பெரும்பாலும் பழுதில்லாமல் தேறின. ஆகவே கண்காட்சிக்காரர்கள் எல்லோரும் நாயைக் கொழுக்க வைக்கிறவர்கள் என்று ஏசுவது தப்பு. படத்தைப் பார்த்து எடை சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆனால் சில ஜாதிகளில் மட்டும் பருமனே அழகு என்று ஒரு ரசனை படிந்துவிட்டது என்பதை மறுக்க முடியாது. நடுவர் கையால் தொடாதவர் அல்லர். பல்லைப் பார்க்கிறார், தோளைத் தொடுகிறார், முதுகைத் தடவுகிறார். கை விலாவின் மேல் போகத்தான் போகிறது. அங்கே தட்டுப்படுவதைக் குற்றமாக எண்ணும் பழக்கம் அந்தக் கைக்கு இல்லை.

நம் பக்கத்தில் இந்த ரசனைக்கு எரு தனியாகத் தேவையில்லை, பாஷையிலேயே இருக்கிறது. கொழுகொழு, புஷ்டி, வாட்டசாட்டம், பூசினாற் போல் - இவையெல்லாம் புகழ்ச்சி. எலும்பும் தோலும் என்பது வசவு. ஊரிலிருந்து வருகிறவரைப் பார்த்து, "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்று கேட்பது அன்பின் அடையாளம். தலைமுறை தலைமுறையாகப் பஞ்சத்தைப் பார்த்த ஜனங்களுக்கு இது இயல்பு. அந்தக் கண்ணையே நாயின் மேலும் வைக்கிறோம்.

இதற்குப் பலியாகிறவை நம் சொந்த நாய்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தப் பிறந்தவை. ஒட்டிய வயிறும், கண்ணுக்குத் தெரியும் கடைசி விலா எலும்புகளும் அவற்றின் ஆரோக்கியம். கண்காட்சிக்கு வந்த சிப்பிப்பாறையைப் பார்த்து, "பாவம், சோறே போடறதில்லை போல" என்று பக்கத்தில் ஒருவர் இரக்கப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். அவர் பார்வையில் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்த லாப்ரடார் வசதியான வீட்டுப் பிள்ளை. இந்த இரக்கத்துக்குப் பயந்து, ஓடப் பிறந்த நாய்க்கு ஊட்டிப் போட்டு உருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எடை பார்க்கத் தெரியாத ஊரா இது? கொங்கணாபுரம் சந்தையில் ஆடு வாங்குகிறவர் முதுகுத் தண்டை அழுத்தி, விலாவைத் தடவி, ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்து எடை சொல்லிவிடுவார். நாமக்கல் பக்கத்து முட்டைக் கோழிப் பண்ணைகளில், வளரும் பருவத்தில் கொஞ்சம் கோழிகளைப் பிடித்து நிறுத்து, அந்த இனத்துக்குரிய அட்டவணையோடு ஒப்பிடுகிறார்கள். எடை குறைந்தாலும் கவலை, கூடினாலும் கவலை. மிதமிஞ்சிக் கொழுத்த கோழி தீவனத்தைத் தின்னும், சரியாக முட்டையிடாது. ஆட்டைக் கறிக்கு வாங்குகிறவர் கொழுப்பை விரும்பினால் அதற்கும் நியாயம் உண்டு. நாயை யாரும் நிறுத்து விற்கப் போவதில்லை. முட்டைக் கோழிக்குக் கிடைக்கும் அக்கறை, பட்டம் வாங்கும் நாய்க்கு ஏன் கிடைக்கவில்லை? கோழியின் பருமனில் பணம் நஷ்டமாகிறது. நாயின் பருமனில் நஷ்டமாவது நாயின் ஆயுள். அதை எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை.

ஆயுள் என்று சும்மா பயமுறுத்தவில்லை. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவம் முதல் இரண்டு பிரிவாக வளர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகவே உணவு. கடைசி வரையில் கவனித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். அளவாகத் தின்றவை நடுக்கணக்காக 13 வருஷம் வாழ்ந்தன. நிறையத் தின்றவை 11.2 வருஷம். மூட்டு வாதமும் அளவாகத் தின்றவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. இது அங்கத்திய சீதோஷ்ணத்தில். நாற்பது டிகிரியைத் தொடும் சேலத்து வெயிலில், வேர்வைக்குப் பதில் இளைப்பையே நம்பி உடலைக் குளிர வைக்கும் பிராணி, மேலே ஒரு கம்பளியாகக் கொழுப்பைப் போர்த்திக்கொண்டு எப்படி இருக்கும் என்பதை வாசகர்கள் யோசித்துப் பார்க்கலாம். மலைமேல் நடக்கும் கண்காட்சியில் அது தெரியாது. கீழே இறங்கினால்தான் தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு லாப்ரடார் இருந்தது. காலையில் பால், மத்தியானம் தயிர்ச் சோறு, இடையிடையே பிஸ்கோத்து. வாசற்படி மூன்றும் ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கும். சோற்றைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னாராமே என்று அதன் சொந்தக்காரரிடம் ஒரு நாள் கேட்டேன். "சார், இதோட அப்பனப் பாத்திருக்கீங்களா? கப்பு வாங்குன நாயிங்க. இதவிட ஒரு சுத்து பெருசுங்க" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச? டாக்டருடைய வார்த்தையைவிடக் கோப்பைக்குக் கனம் அதிகம். அந்த நாய் எட்டு வயசில் போய்விட்டது. அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவருடைய அன்பில் எந்தக் குறையும் கிடையாது.

கண்காட்சி என் வரையில் அற்ப விஷயமாக இல்லாமற் போனது இதனால்தான். வட்டத்துக்குள் கொடுக்கும் தீர்ப்பு வட்டத்துக்குள் நிற்பதில்லை. கோப்பை வாங்கிய நாயின் குட்டிகள் விலை போகின்றன. அதன் உருவம் மாதிரி உருவமாகிறது. நூறு வீடுகளில் அந்த உருவத்தைப் பார்த்துச் சோறு அளக்கிறார்கள்.

பரிகாரம் பெரிதாக ஒன்றும் வேண்டாம். கால்நடை மருத்துவர்களிடம் ஒன்பது படி கொண்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. நாலும் ஐந்தும் உத்தமம். மேலிருந்து பார்த்தால் இடுப்புத் தெரிய வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு உள்வாங்கியிருக்க வேண்டும். விரலால் தடவினால் அழுத்தாமலே விலா எலும்புகள் தட்டுப்பட வேண்டும். காலணாச் செலவில்லாத சோதனை. க்ரஃப்ட்ஸில் 2012 முதல், கவலைக்குரியவை என்று கருதிய 15 ஜாதிகளில் ஜயித்த நாய்கள் மருத்துவர் பரிசோதனையில் தேறினால்தான் வெற்றி உறுதி என்று விதித்தார்கள். அந்த வருஷமே புல்டாக், பெகினீஸ் உள்ளிட்ட சில ஜாதிகளின் வெற்றியாளர்கள் தேறவில்லை. பெரிய ரகளை நடந்தது. அது நல்ல ரகளை. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூப்பிட்டால் வரக்கூடிய தூரம். ஒரு மருத்துவரையும் ஒரு தராசையும் வட்டத்தின் ஓரத்தில் நிறுத்தி, ஜயித்த நாயின் பெயரோடு அதன் எடையையும் ஒலிபெருக்கியில் அறிவித்தால் போதும். நாயோடு வீடு திரும்புகிறவர்கள் இரவில் தட்டில் சோறு போடும்போது அந்த எண் ஞாபகத்துக்கு வரும்.