கிளாட் பயிற்சிக்கு ஆங்கிடிராய்டு: கேள்வியை ஏற்றாதீர்கள், தப்பை ஏற்றுங்கள்

சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள் மாதிரித் தேர்வாக எழுதித் தள்ளுகிறார்கள். மதிப்பெண் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. எந்த வகைக் கேள்வியில் சறுக்குகிறோம் என்று பிரித்துப் பார்க்காததுதான் காரணம். அதற்கு, கேள்வி-விடைக் கார்டுகளை நினைவூட்டும் ஆங்கிடிராய்டு செயலி உதவுமா என்று, கோவை ஆர்.எஸ்.புரத்தில் பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகளோடு உட்கார்ந்து பார்த்தேன்.

ஆண்ட்ராய்டில் இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை, நெட் இல்லாமலும் ஓடும். ஐபோனில் ஓடும் ஆங்கிச் செயலி வேறு, அதற்குக் காசு கட்ட வேண்டும். ஒரு கார்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. விடையைப் பார்த்ததும் அகைன், ஹார்ட், குட், ஈஸி என்ற நான்கில் ஒன்றைத் தொட்டால், அந்தக் கார்டு அடுத்து எப்போது வரவேண்டும் என்பதைச் செயலியே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

நடப்பு நிகழ்வுகளுக்கு இது அருமை. கிளாட்டின் 120 கேள்விகளில் 28 முதல் 32 வரை அங்கிருந்துதான் வருகின்றன. சிக்கல் சட்டத் தர்க்கப் பகுதியில். பழைய வினாத்தாளின் பத்தியை அப்படியே ஏற்றினோம். கொஞ்ச நாளில் பத்தியைப் படிக்காமலே, "இதுக்கு சி தானுங்க மாமா" என்றாள். விடை மனப்பாடமாகிவிட்டது. ஈஸியைத் தொட்டாள், செயலியும் அதை நம்பிக் கார்டைத் தள்ளிப்போட்டது.

அதனால் கார்டு எழுதும் முறையையே மாற்றினோம். அவள் தவறவிட்ட ஒரு கேள்வி: பதிலுக்கு எதுவும் பெறாமல் கொடுத்த வாக்குறுதி சட்டப்படி செல்லாது என்கிறது பத்தி. மருமகனுக்கு ஸ்கூட்டர் வாங்கித் தருவதாகச் சொன்ன மாமா பிறகு மறுக்கிறார். வழக்குப் போட்டால் மருமகன் ஜெயிப்பானா? ஜெயிப்பான் என்று போட்டிருந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா என்பது அவள் நியாயம். ஆனால் பத்தியில் உள்ள விதியை மட்டும் பொருத்தச் சொல்கிற பகுதி இது. அந்தத் தப்புக்காக எழுதிய கார்டின் முன்பக்கம், "மனசு ஒரு விடை சொல்கிறது, விதி வேறு சொல்கிறது. என்ன செய்வாய்?" பின்பக்கம், "விதியின் எந்த நிபந்தனை இங்கே இல்லை என்று தேடு." தேர்வு ஆங்கிலத்தில்தான், ஆனால் தப்பின் காரணத்தைத் தமிழில் எழுதியதும் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

ஒவ்வொரு கார்டுக்கும் 'வெளி நியாயம்', 'அனுமானம்', 'வாதத்தைப் பலவீனமாக்குவது', 'சதவீதம்' என்று ஒரு டேக் ஒட்டினோம். எந்த டேக்கில் கார்டு குவிகிறதோ அதுதான் அந்த வாரத்து வேலை. அந்த வகையைச் சேர்ந்த, இதுவரை பார்க்காத பத்திகளை, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு வெளியிட்டிருக்கும் பழைய வினாத்தாள்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது 'லீச்' வசதி: எட்டு முறை மறந்த கார்டைச் செயலியே லீச் என்று குறித்துக் காட்டும், அமைப்பில் சொல்லிவைத்தால் நிறுத்தியும் வைக்கும். அதற்குமேல் திரும்பத் திரும்பப் பார்த்துப் பயனில்லை. ஆசிரியரிடம் எடுத்துப்போக வேண்டியது அது.

நேரப் பயிற்சி இந்தச் செயலியில் கிடையாது. 2 மணி நேரத்தில் 120 கேள்வி, தப்புக்குக் கால் மதிப்பெண் கழிவு, பேனாவும் ஓ.எம்.ஆர். தாளுமாக நடக்கும் தேர்வுக்குப் போன் திரை ஈடாகாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வினாத்தாளைப் பிரிண்ட் எடுத்து, போனை அணைத்துவிட்டுக் கடிகாரம் வைத்து எழுதட்டும். தப்பானவை மட்டும் சாயங்காலம் டேக்கோடு செயலிக்குள் போகட்டும்.