ஏழு குறளும் மூன்று குறளும்

திருக்குறளில் அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டு, மிகக் குறைவாக வாசிக்கப்படுகிற அதிகாரம் 95-ஆம் அதிகாரமான ‘மருந்து’தான் என்பது என் அபிப்பிராயம். எங்கள் திண்டுக்கல்லில் பள்ளி ஆண்டு விழாவானாலும் சரி, சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாமானாலும் சரி, மேடை ஏறுகிறவர் முதலில் கையில் எடுப்பது 942-ஆம் குறளைத்தான். முன்பு உண்டது செரித்துவிட்டதை அறிந்து உண்கிறவனுக்கு மருந்தே தேவையில்லை என்பது அதன் கருத்து. பிரசங்கியார் ‘அறிந்து உண்டால்’ என்ற நிபந்தனையை மெல்ல விழுங்கிவிட்டு, ‘மருந்து வேண்டாம்’ என்பதை மட்டும் உரக்கச் சொல்வார். சபையில் பருமனாக இருப்பவர்கள் பக்கம் பார்வைகள் ஓடும். கைதட்டல் கிடைக்கும். விழா முடிந்ததும் பிரியாணிப் பொட்டலம். அதுவும் சீரகச் சம்பா. அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

அதிகாரத்தை முழுவதும் படித்துப் பாருங்கள். பத்தில் ஏழு குறள் சோற்றைப் பற்றியவை. மூன்றே மூன்றுதான் வைத்தியத்தைப் பற்றியவை. ‘மருந்து’ என்று தலைப்பு வைத்துவிட்டு, ஏழு பாட்டு முடியும்வரை மருந்தைக் கண்ணில் காட்டாமலே நடத்திச் செல்வது சாமானியமான காரியமல்ல. கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. இதற்கு முந்திய இரண்டு அதிகாரங்கள் கள்ளையும் சூதையும் பற்றியவை. அந்தச் சூடு இங்கேயும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அளவு மீறித் தின்பவனின் உணவை ‘இரை’ என்கிறார் வள்ளுவர்; மிருகங்களுக்கு உரிய சொல். மேடைக்காரர்களுக்கு இனிப்பதும் அந்தச் சொல்தான்.

ஆனால் 948-ஆம் குறளில் குரலே மாறிவிடுகிறது. நோய் என்ன, அது எதனால் வந்தது, எதனால் தணியும் என்று பார்த்துச் செய்யச் சொல்கிறார். அடுத்த குறளில் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் மூன்றையும் கருதச் சொல்கிறார். ‘நீதானே தின்றாய்’ என்ற ஏச்சு இந்த மூன்று குறளிலும் இல்லை. காரணத்தைத் தேடுகிறார், குற்றவாளியைத் தேடவில்லை. முதல் ஏழு குறள் நோய் வராதவனுக்கு; கடைசி மூன்று வந்தவனுக்கு. வந்தவனுக்கு வராதவனின் குறளைப் படித்துக் காட்டுவது, வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபின் கரையைப் பலப்படுத்தச் சொல்லும் கதைதான்.

எங்கள் நாகல் நகரில் தையல் தைத்துப் பிழைக்கும் ஓர் அம்மாள் இருக்கிறார். உடம்பு பெருத்துவிட்டது, சர்க்கரையும் உண்டு, முழங்கால் வலியில் மிஷினை மிதிக்க முடியவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ளும் புதிய ஊசியைப் பற்றி டாக்டர் சொல்லியிருக்கிறார். அதே வாரத்தில் ஒரு விழாவில் மேற்படி பிரசங்கத்தையும் கேட்டுவிட்டார். “வள்ளுவரே மருந்து வேண்டாம்னு சொல்லிட்டாராமே தம்பி, அப்போ நான் ஊசி போட்டுக்கிட்டா தப்பா?” என்று என்னிடம் கேட்டார். “அது உங்களுக்கு எழுதினது இல்லக்கா. உங்களுக்கு எழுதினது கடைசியில இருக்கு” என்றேன்.

இங்கே அதிகாரத்தின் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். நன்றாகப் பசித்தபின் உண்க என்கிறபோது, பசி உண்மையே பேசும் என்று வள்ளுவர் நம்புகிறார். இன்றைய விஞ்ஞானம் அப்படி நம்பவில்லை. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் சுரப்பு கூடிவிடுகிறது. ஓராண்டு கழித்தும் அது தணியாமல் இருந்ததை 2011-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த உடம்பில் பசி பொய் சொல்கிறது. செமாகுளுட்டைடு, டிர்செபடைடு என்ற ஊசிகள் குடலில் ஊறும் ஒரு சுரப்பைப்போல நடித்து, மூளையில் பசியை அடக்கி, இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகின்றன. போதும் என்று மறுத்து உண்ணும் சக்தியை, அது இல்லாதவனுக்குக் கடனாகக் கொடுக்கின்றன என்று சொல்லலாம். கடன் என்றேனே, அது வெறும் உவமை அல்ல. 2021-இல் வந்த ஆய்வில், உணவு, நடை பற்றிய ஆலோசனையோடு செமாகுளுட்டைடும் பெற்றவர்கள் 68 வாரத்தில் சராசரி 15 சதவீத எடையை இழந்தார்கள்; ஆலோசனை மட்டும் பெற்றவர்கள் 2.4 சதவீதம். இரண்டையும் நிறுத்தியபின் ஓராண்டில், ஊசிக்காரர்களுக்குக் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. குறைகிற எடையில் தசையும் ஒரு பகுதி; குமட்டலும் உண்டு. ஆகவே நடையும் பருப்பும் பயறும் ஊசிக்காரருக்கும் தப்பாது.

சென்னையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வையும் மறக்கக்கூடாது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரில் உணவும் நடையும் மாறியவர்களுக்கு நோய் வரும் அபாயம் சுமார் 28 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை தின்றவர்களுக்கு 26. இரண்டையும் செய்தவர்களுக்கும் அதே 28. இதில் விசேஷம், எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்ததுதான். தராசு முள் அசையவில்லை என்று நடையை நிறுத்திவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி 950-ஆம் குறள். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து செய்பவர் என்று மருத்துவத்துக்கு நான்கு உறுப்புச் சொல்கிறது. பரிமேலழகர் ஒவ்வொன்றுக்கும் நான்கு குணம் எழுதுகிறார். நோயாளியின் குணங்களில் முதலாவது என்ன தெரியுமா? பொருளுடைமை! மருந்தின் குணங்களில் ஒன்று, எளிதில் கிடைப்பது. எழுநூறு வருஷத்துக்கு முந்திய இந்த உரையாசிரியர் நம் மருந்துக் கடையில் நின்று பேசுகிறார். டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது மிகச் சிறிய அளவுக் குப்பி ஒன்று 3,500 ரூபாய். நாலு வாரத்துக்கு 14,000. ஜாக்கெட் தைத்து அதைச் சம்பாதிப்பது எப்படி? கல்யாண போட்டோவுக்காக இளைக்க நினைப்பவர்கள் அதைச் சுலபமாக வாங்குகிறார்கள் என்பது வேறு விஷயம்.

நான்காவது ஆளைத்தான் நாம் அடியோடு மறந்துவிட்டோம். அவருக்கு அன்பு வேண்டும் என்கிறது உரை. உணவுக் கட்டுப்பாட்டுச் சீட்டை டாக்டர் ஒருத்தருக்கு எழுதிக் கொடுக்கிறார். வீட்டில் உலை ஒன்றுதானே? அந்த அம்மாள் வீட்டில் மகன் கடையை அடைத்துவிட்டு இரவு பத்துக்கு வருவான். அவன் சாப்பிட்டபின் மாமியார், கடைசியில் மருமகள். இதில் 942-ஆம் குறளை எந்த வேளையில் அனுசரிப்பது?

டாக்டர் மூன்று மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார். சர்க்கரை இறங்காவிட்டால் ஊசி, அதற்குச் சீட்டுப் பணம் இருக்கிறது. இப்போது அந்த வீட்டில் அம்மாளுக்கு இரவுச் சாப்பாடு ஏழரை மணிக்கு. முதல் நாள் தட்டை வைத்த மருமகள் கேட்டாளாம்: “அத்தை, நானும் உங்ககூடவே உட்கார்ந்துக்கட்டுமா?”