எலிக்குச் சரியாயிடுச்சு, நமக்கு?

பக்கத்து வீட்டு அண்ணன் ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டுகிறவர். காதுக்குக் கீழே கட்டி. உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் மியூகோஎபிடெர்மாய்டு புற்றுநோய். பெங்களூர் கித்வாய் மருத்துவமனைக்குப் போய்வருகிறார். போன வாரம் போனில் ஒரு செய்தியைக் காட்டி, "எலிக்குச் சரியாயிடுச்சாமே தம்பி, நமக்கு எப்ப வரும்?" என்றார். செய்தியில் எந்த ஆய்வு என்றே இல்லை. அதனால் இந்த நோய் பற்றி 2021இல் புளோரிடா பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வை எடுத்துப் படித்தேன்.

எலி எதற்கு, செல்லை வளர்த்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். 2009இல் ஒரு மரபணுப் பரிசோதனை நடந்தது. இன்னொரு உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்க்காக ஆய்வகங்கள் பயன்படுத்திவந்த ஆறு செல் வரிசைகளைச் சோதித்தார்கள். மூன்று, கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து வந்த ஹீலா செல்கள். மற்ற மூன்றில் மனிதச் செல்லே அல்லாததும் இருந்தது. லேபிளை நம்பிச் செய்த வேலையெல்லாம் என்ன கதியாவது?

அந்த வகையில் மரபணு மாற்றிய சுண்டெலி நேர்மையான சாட்சி. இந்த நோயில் பெரும்பாலும் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன: சிஆர்டிசி1, எம்ஏஎம்எல்2. 2003இலேயே கண்டுபிடித்தது இது. ஆனால் இந்த ஒட்டு நோய்க்குக் காரணமா, கூட வந்ததா? புளோரிடா குழு அதை எலியின் சுரப்பியில் இயக்கிக் காட்டியது; மனிதக் கட்டியைப் போன்றே கட்டி வந்தது. காரணம்தான் என்று ஆகிவிட்டது. செல் பெருகுவதற்குப் பிரேக் போடும் பி16 பாதை பழுதாவதும் கூடச் சேர்கிறது என்றார்கள். ஏற்கெனவே வேறு புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் பால்போசிக்லிப், எர்லோடினிப் இரண்டையும் சேர்த்தபோது கட்டி நன்றாக அடங்கியது. இதுவரை எனக்குக் குறையில்லை.

என் குறை அடுத்த படியில். ஆய்வக எலியின் ஆயுளே ஏறக்குறைய இரண்டு வருஷம். அண்ணனின் நோய் வருஷக்கணக்கில் கவனிக்க வேண்டியது. ஆண் எலிக்கும் பெண் எலிக்கும் தாடைக்கீழ்ச் சுரப்பியின் அமைப்பே வேறு, மனிதரில் அப்படியில்லை. கட்டி அடங்குவது ஒன்று, ஆள் பிழைப்பது வேறு. கட்டுரை 'குணம்' என்று சொல்லவில்லை. தலைப்பு எழுதுகிறவர்கள்தான் 'எலியில்' என்ற சொல்லைச் சின்ன எழுத்தில் போட்டுவிடுகிறார்கள்.

அண்ணனிடம் அவர் பாஷையில் சொன்னேன்: "வேணும்னே ஒரு பழுதை வச்சு சாம்பிள் பீஸ் ஓட்டிப் பார்த்திருக்காங்கண்ணா. பழுது எங்கேன்னு தெரிஞ்சுடுச்சு. லைன்ல ஓட்டுறதுக்கு இன்னும் நாள் இருக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போட வேணாம்னு சொல்ற."

ஆமாம், அதைத்தான் சொன்னேன்.