சொல்லும் மௌனமும்: பெகி ஆஷ்கிறொப்ற்றின் நடிப்புக்கலை

கவிஞன் மறைந்தபின் அவன் கவிதை நிற்கும். சிற்பி மறைந்தபின் அவன் சிலை நிற்கும். மேடை நடிகரின் கலையோ திரை விழுந்த அக்கணமே மறைந்துவிடுவது. கண்டவர் நினைவிலும் விமர்சகர் எழுத்திலுமே அது எஞ்சும். ஆயின், இருபதாம் நூற்றாண்டின் நடிகர்க்கு முன்னையோர்க்குக் கிட்டாத ஒரு பேறு வாய்த்தது. திரைப்படமும் தொலைக்காட்சியும் அவர்தம் கலையின் ஒரு பகுதியையேனும் காத்துவைத்தன. ஆங்கில நாடக மேடையின் தலைசிறந்த நடிகையருள் ஒருவரான பெகி ஆஷ்கிறொப்ற்றின் (1907 - 1991) வாழ்வு இவ்வகையில் ஆராயத்தக்கது. மேடையிலே அவர்க்குப் புகழ் தந்தது குரல். திரை காத்துவைத்த அவர் நடிப்பிலோ மிக உயர்ந்த பகுதிகள் சொல் ஒழிந்த இடங்களிலேயே அமைந்துள்ளன. இம்முரண்பாட்டின் பொருள் யாது?

இலண்டனை அடுத்த குறொய்டனிலே பிறந்த ஆஷ்கிறொப்ற், எல்சி போகற்றி அம்மையார் நடத்திய பேச்சுக்கலைப் பள்ளியிற் பயின்றவர். லோறன்ஸ் ஒலிவியரும் அப்பள்ளியின் மாணவரே. 1926இல் பேர்மிங்ஹாம் அரங்கிலே அவர் மேடை வாழ்வு தொடங்கிற்று. 1930இல், தமது 22ஆவது வயதிலே, அமெரிக்கக் கறுப்பின நடிகர் போல் றொப்சன் ஒதெல்லோவாக நடிக்க, இவர் டெஸ்டிமோனாவாக நடித்தார். நிறவெறி தலைவிரித்தாடிய காலத்திலே அது துணிவுமிக்க செயலாகும். 1935இல் ஜோன் கீல்குட் அரங்கேற்றிய 'றோமியோவும் ஜூலியற்றும்' நாடகத்திலே கீல்குட்டும் ஒலிவியரும் றோமியோ, மெர்க்கூஷியோ ஆகிய இரு வேடங்களையும் தம்முள் மாற்றிக்கொண்டனர். இருவேறு றோமியோக்களுக்கும் ஒரே ஜூலியற்றாக நின்றவர் ஆஷ்கிறொப்ற். செய்யுளைச் செய்யுளாகவே சொல்லி, அதனைக் கேட்போர்க்கு இயல்பான பேச்சாகவும் தோன்றச் செய்வதே அவர் தனித்திறன்.

அதே 1935இல் அல்பிரெட் ஹிட்ச்கொக் இயக்கிய 'முப்பத்தொன்பது படிகள்' என்னும் படத்திலே அவர் சில நிமிடங்களே தோன்றினார். ஸ்கொத்லாந்தின் தனிமையிலே, ஐயமனமுடைய முதிய கணவனோடு வாழும் இளம் மனைவியின் வேடம் அது. கொலைப்பழி சுமந்து ஓடிவந்த ஒருவன் அவ்வீட்டிலே இரவு தங்குகிறான். உணவுக்குமுன் கணவன் வழிபாட்டு மொழி கூறுகையில், மேசைமீதுள்ள செய்தித்தாளைக் கண்டு, வந்தவன் யாரென அவள் உணர்கிறாள். அவன் கண்கள் மன்றாடுகின்றன. அவள் கண்களிலோ அச்சமும் ஐயமும் இரக்கமும் தோன்றி மறைகின்றன. அவர்களிடையே ஒரு சொல்லும் எழவில்லை. ஜூலியற்றின் குரலை இன்று நாம் கேட்டற்கில்லை. இக்கண்களை இன்றும் காணலாம்.

நாட்டிய நூலார் அபிநயத்தை ஆங்கிகம், வாசிகம், ஆகாரியம், சாத்துவிகம் என நான்காக வகுத்தனர். உடலால் ஆவது ஆங்கிகம். மொழியால் ஆவது வாசிகம். ஒப்பனையால் ஆவது ஆகாரியம். உள்ளத்து உணர்வு மெய்யின்கண் தானே புலப்படுவது சாத்துவிகம். தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றதும் இதனோடு ஒத்ததே. ஆஷ்கிறொப்ற்றின் வளர்ச்சியை வாசிகத்திலிருந்து சாத்துவிகத்தை நோக்கிய பயணம் எனலாம்.

அப்பயணத்தின் இடைவழியிலே இரு வேடங்கள் நிற்கின்றன. 1963இல் ஸ்ட்ராட்போர்ட்டிலே பீற்றர் ஹோலும் ஜோன் பார்ட்டனும் ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களை 'ரோசாப் போர்கள்' என ஒன்றுசேர்த்து அரங்கேற்றினர். அதிலே இளமங்கையாய் நுழைந்து, சாபமிடும் முதுமகளாய் முடியும் மார்கரெட் அரசியாக அவர் நடித்தார். அப்போது அவர்க்கு வயது 55. 1965இல் பீ.பீ.சி. தொலைக்காட்சி அதனை ஒளிபரப்பியது. 1975இல் சாமுவெல் பெக்கற்றின் 'இனிய நாட்கள்' நாடகத்திலே வின்னியாக நடித்தார். முதலங்கத்தில் இடுப்பளவும், அடுத்த அங்கத்திற் கழுத்தளவும் மண்ணிற் புதையுண்டு, ஓயாது பேசும் பெண் வின்னி. அங்கே ஆங்கிகம் பறிக்கப்பட்டது. பேச்சு மௌனத்தை மறைக்கும் திரையாயிற்று.

அத்திரையும் விலகியது 1984இல். அவ்வாண்டு ஒளிபரப்பான 'மணிமுடியின் மாணிக்கம்' என்னும் தொலைக்காட்சித் தொடர், போல் ஸ்கொட்டின் நாவல்களைத் தழுவியது. அதிலே வரும் பார்பி பச்சலர், பிரித்தானியர் ஆண்ட இந்தியாவிலே மிஷன் பாடசாலை ஆசிரியையாகத் தொண்டாற்றி இளைப்பாறியவர், பேச்சே உயிர்மூச்சானவர். ஆதரவளித்த தோழி இறந்தபின் வீட்டினின்றும் விலக்கப்பட்டு, ஈற்றில் வைத்தியசாலையிலே பேச்சொழிந்து கிடக்கிறார். அவ்வாண்டே டேவிட் லீன் இயக்கிய 'இந்தியாவுக்கு ஒரு பயணம்' படத்திலே மூர் அம்மையாராக நடித்தார். மலைக்குகையின் எதிரொலியால் அதிர்ந்து வெளியே வந்து அமரும் அம்முகத்திலே, வாழ்நாள் முழுதும் பற்றியிருந்த நம்பிக்கை தளர்வதைக் காண்கிறோம். இவ்வேடத்துக்காக 1985இல், தமது 77ஆவது வயதிலே, சிறந்த துணைநடிகைக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றார்.

இம்மௌனம் நாவலாசிரியர் தந்ததன்றோ, நடிகைக்கு இதிற் பெருமை யாது என வினவுவாரும் உளர். நாவலாசிரியர்க்கு மௌனம் எளிது. பாத்திரம் வாய்மூடினாலும் அதன் உள்ளத்தே நிகழ்வதை அவர் பக்கம் பக்கமாக விரித்துரைக்கலாம். போர்ஸ்ரரும் ஸ்கொட்டும் அவ்வாறே செய்தனர். நடிகைக்கோ அவ்வுதவி இல்லை. நாவலின் பல பக்கங்களை ஒரு நோக்கிலே அடக்குதல் அவர் கடனாகிறது. பேசாதிருத்தல் வேறு, சொல்லத் தெரிந்தவர் சொல்லாதிருத்தல் வேறு. பார்பியின் ஓயாத பேச்சை அத்துணை உயிர்ப்போடு நடித்தமையாலேயே, அவர் அடங்கியபோது இழந்தது இன்னதென நாம் உணர்கின்றோம்.

ஆஷ்கிறொப்ற்றின் ஜூலியற் கண்டவர்களோடு மறைந்தாள். அஃது ஈடுசெய்யொணா இழப்பே. ஆயினும், அவ்வுழைப்பு வீண்போகவில்லை. 1926 முதல் 58 ஆண்டுகள் சொல்லைப் பயின்றமையின் பயனே 1984இன் மௌனம். வாசிகத்தை முற்றக் கற்றவர்க்கே அதனைத் துறக்கும் உரிமை உண்டு என்பதை அவர் கலை நமக்கு உணர்த்துகின்றது.